ஒஸ்ரினுக்குச் சாதா காணும்

“…அதுக்குக் காணும், இதுக்குத்தான் காணாது. இவ்வளவு காலமும் மாறி ஊத்திப்போட்டம். நீர் யோசியாமல் ஊத்தும், தம்பி,” என்றா ரீச்சர், புனலைக் கையில் பிடித்தபடி.

நான் பெற்றோல் கானோடு நின்றேன். இதைச் சொன்ன பிறகு ரீச்சர் செய்த காரியத்தை வேலணைச் சந்தியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் ‘இதிலை என்ன கிடக்கு?’ என்று கேட்பீர்கள். ரீச்சரைத் தெரிந்தால்தான் அதில் என்ன கிடக்கு என்று விளங்கும்.

எங்கள் பக்கத்தில் போதும் என்பதற்குக் காணும் என்போம். போதாது என்றால் காணாது. பந்தியிலும் கடையிலும் எல்லாரும் சொல்லுகிற சொல்தான். ஆனால் மற்றவர்கள் ‘காணும், காணும்’ என்றால் இன்னும் ஒரு அகப்பை வையுங்கோ என்று கருத்து. ரீச்சர் ‘காணும்’ என்றால் கதவைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு போனமாதிரி. அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழக்கூடாது.

நான் அப்போது வேலணையில் கூட்டுறவுச் சங்கத்துப் பெற்றோல் செட்டில் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ஒரு குறையும் இல்லை. பெற்றோல் தாங்கி நிறையும்வரை எந்த மனிசனும் சும்மா நிற்கமாட்டான், ஏதாவது கதைப்பான். தீவுப்பகுதியில் ஓடுகிற லொறி, கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். வந்தவர்கள் சொன்னதைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் என்னுடைய படிப்பு.

செட்டில் இரண்டு பெற்றோல் பம் நின்றன. ஒன்று சாதா, மற்றது விலை கூடின சுப்பர். சாதாப் பம்மின் கைபிடி தேய்ந்து மினுங்கும். சுப்பரில் சிலந்தி குடியிருக்கும். கலியாண வீட்டுக்காரர், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், கோயில் உபயகாரர், இவர்கள்தான் சுப்பர் கேட்பார்கள். மாப்பிள்ளை ஏறும் காருக்குச் சுப்பர்தான் அடிக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் நாள் நட்சத்திரம் பார்க்கிறமாதிரி ஒரு கட்டாயம். அது எந்தக் கார், அதற்குள் என்ன எஞ்சின் என்று ஒருவரும் பார்க்கிறதில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் கோழி அடித்துக் கறி வைக்கிறோமே, அந்தமாதிரி ஒரு மரியாதை.

ரீச்சரின் கார் தகப்பன் விட்டுப்போன கறுப்பு ஒஸ்ரின். புளியங்கூடலில் இருந்து வெளிக்கிட்டு, எங்கள் செட்டைத் தாண்டி, தாம்போதியால் கடலைக் கடந்து புங்குடுதீவுக்குப் போய் விஞ்ஞானம் படிப்பிப்பா. தீவுப்பகுதியில் கார் ஓடுகிற பொம்பிளை என்று என் கண்ணில் பட்டது அவ ஒராள்தான். நாற்பதைத் தொட்டிருப்பா. கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் காலமான வீட்டில் தனியாக இருந்தா. தமையன் குடும்பம் பக்கத்து வளவில்.

அவ ஓடும்போது கண்ணாடி எப்போதும் இறங்கித்தான் இருக்கும். சோளகக் காற்றுப் பெயர்ந்து புழுதியை வாரி இறைக்கிற நாளிலும் அப்படித்தான். செட்டில் வந்து இறங்கினால் புருவத்தில்கூட மண் நிற்கும்.

“ரீச்சர், கண்ணாடியை ஏத்தினால் என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏத்திப்போட்டு இருந்தால் எஞ்சின் சொல்லுறதை ஆர் கேக்கிறது, தம்பி?”

பெற்றோல் அடிக்கும்போதும் காருக்குள் இருக்கமாட்டா. இறங்கி வந்து காரின் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பா. தாங்கிக்குள் விழுகிற சத்தம் மெல்ல மெல்ல மாறும் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டே நின்று, நிறைவதற்குச் சற்று முன்னால் சொல்லுவா: “காணும்.”

“இன்னும் கொஞ்சம் பிடிக்கும், ரீச்சர், எப்பன்.”

“பிடிக்கும். பிறகு வெய்யிலுக்கு விரிஞ்சு வழியும். வழியிறது ஆருக்கு? றோட்டுக்கு. றோட்டுக்கு ஏன் பெற்றோல்?”

செட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. கடைக்கார அண்ணைக்கு வாய் ஓயாது. ரீச்சரின் கார் நின்றால் ஆத்துகிற தேத்தண்ணியை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்.

“என்ன ரீச்சர், உங்கடை கார் விரதமோ? ஒருநாளும் வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பாக்கேல்லை.”

“விரதமில்லை அண்ணை, பத்தியம்.”

“தைப்பொங்கலும் அதுவுமாய் ஒருக்கால் சுப்பர் அடிச்சு விடுங்கோவன். பாவம் கிழடு. பலமாய் ஓடும்.”

அன்றைக்கு ரீச்சர் சொன்ன விளக்கம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. “சுப்பர் எண்டால் கூடப் பலம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? எஞ்சின் பெற்றோலையும் காத்தையும் உள்ளுக்கை விட்டு நெரிக்கும். நெரிச்ச பிறகுதான் பொறி பறக்கும். சில எஞ்சின் இறுக்கி நெரிக்கும். அந்த நெரிசலைச் சாதா தாங்காது, நேரம் வரமுந்தித் தன்ரை பாட்டிலை பத்திப்போடும். அதுதான் தட்டுற சத்தம். சுப்பர் நேரம் வரும்வரைக்கும் பொறுத்து நிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், அண்ணை. கூடப் பலம் இல்லை, கூடப் பொறுமை. இந்தக் கிழவன் எப்பன்தான் நெரிப்பான். அவனுக்கு ஏன் அவ்வளவு பொறுமையை விலைகுடுத்து வாங்குவான்?”

கடைக்கார அண்ணை தன் கடைப்பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். “அப்ப என்ரை மனிசிதான் சுப்பர் குடிக்கவேணும். நான் நெரிக்கிற நெரிப்புக்கு,” என்றார். ரீச்சர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவ சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும்.

கார் என்று இல்லை. கலியாண வீட்டில் இரண்டாம் தரம் சோறு வரமுந்தியே இலைக்குக் குறுக்கே ரீச்சரின் கை நிற்கும். பிள்ளைகளின் விசயத்திலும் அதே அளவைதான். ஒரு தகப்பன், மகனுக்குக் கணக்கு ஓடவில்லை என்று யாழ்ப்பாணத்தில் பெரிய பெரிய ரியூசன் மாஸ்ரர்மாரிடம் விடப்போவதாகச் சொன்னார். செட்டில் எனக்கு முன்னால்தான். ரீச்சர், “ஒஸ்ரினுக்குச் சுப்பர் ஊத்தாதேங்கோ. அவன் கையாலை செய்யிற வேலையிலை விண்ணன். அதுக்கு வழி பாருங்கோ,” என்றா. அந்த மனிசனுக்குக் கோபம். ஒரு மாதம் அவவோடு கதைக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ரீச்சர் ஆளை மட்டந்தட்டுகிறவ என்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு மற்றக் கதை தெரியாது. கரையோரத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர். அவர்களின் பெண்பிள்ளை ஒன்று ரீச்சரின் வகுப்பில் படித்தது. ரீச்சர் நேரே அவர்கள் வாடிக்குப் போனா. தகப்பன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தாராம்.

“இந்தப் பள்ளிக்கூடம் இவளுக்குக் காணாது. என்ரை படிப்பிப்பும் காணாது. யாழ்ப்பாணத்திலை சிஸ்ரர்மாரின்ரை பள்ளிக்கூடத்திலை விடுங்கோ.”

“எங்களுக்கு இது காணும், ரீச்சர்.”

“உங்களுக்குக் காணும். பிள்ளைக்குக் காணாது.”

பிள்ளை போனது. ஒவ்வொரு ஞாயிறும் தாயையும் தகப்பனையும் ஒஸ்ரினில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிள்ளையைக் காட்டிக்கொண்டு வருவா. அந்தத் தகப்பன் பிறகும் வருவார், மறந்துவிடாதேங்கோ.

இப்படி எல்லாருடைய அளவும் தெரிந்த மனிசி தன்னுடைய அளவை எங்கே கொண்டுபோய் வைத்திருந்தா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தமையன் எத்தனையோ சம்மந்தம் கொண்டுவந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழி. “எனக்கு இருக்கிறது காணும்.” என் மனிசியிடம் ஒருநாள் இதைப் பெரிய பண்பாகச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தவள், சுளகை நிறுத்தாமலே சொன்னாள்: “பசி எடுத்துப்போடும் எண்ட பயத்திலை முந்தியே இலையை மடிக்கிற ஆக்களும் இருக்கினம், பாருங்கோ.”

அதற்குப் பிறகு ரீச்சர் ‘காணும்’ என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் எனக்கு அந்தச் சுளகுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கப்பலண்ணை வந்தார். புங்குடுதீவில் இறுப்பிட்டிக்காரர். கப்பல் எஞ்சின் அறையில் பாதிச் சீவியத்தைக் கழித்தவர். மனிசி கண்ணை மூடிக் கன காலம், மகன் கொழும்பில் தன் குடும்பத்தோடு. ஓய்வு என்று வந்து, வெள்ளை நிறத்தில் ஒரு ஜப்பான் கார் வாங்கினார். எஞ்சின் அறைச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் மெதுவாகக் கதைக்கவும் தெரியாது. அவர் செட்டில் நின்று சுகம் விசாரித்தால் சந்தியில் நிற்கிற எல்லாரும் ‘சுகம்’ என்பார்கள்.

அவருக்கு ஒரு விசித்திரமான குணம். தனக்கு என்றால் எல்லாம் மட்டம். கால் செருப்பு வார் அறுந்து கம்பியால் கட்டியிருக்கும். மற்றவர்களுக்கு என்றால் கை அகலும். தன் புதுக் காருக்கு எப்போதும் சாதாதான்.

“சுப்பர் அடிச்சால் நல்லது, அண்ணை. உந்தக் காருக்கு அதுதான் சொல்லியிருக்கு,” என்றேன் ஒருநாள்.

“எனக்கு ஏன் தம்பி சுப்பர்? நான் என்ன மாப்பிள்ளையே?” என்றார். சந்தி முழுக்கச் சிரித்தது.

அவர் பெற்றோல் அடிக்க வருகிற நேரமும், பள்ளிக்கூடம் விட்டு ரீச்சர் வருகிற நேரமும் ஒன்றாக வரத் தொடங்கின. முதலில் கண்டது கடைக்கார அண்ணை. “தம்பி, கப்பல் துறைமுகம் பாத்திட்டுது,” என்றார் என் காதுக்குள்.

ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், ரீச்சர் காரை விட்டுவிட்டுச் சங்கக் கடைக்குச் சாமான் வாங்கப் போனா. அன்று காலையிலேயே வந்து நின்ற கப்பலண்ணை என்னிடம் வந்து, அவரால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி, “தம்பி, ரீச்சற்றை காருக்குச் சுப்பர் அடியும். வழிய வழிய அடியும். என்ரை கணக்கு,” என்றார். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. நானும் கோழி அடித்துக் கறி வைக்கிற ஊரில் பிறந்தவன்தானே. அடித்தேன், கழுத்துவரை.

அடுத்தநாள் காலை ரீச்சர் வந்து காரை நிறுத்தினா. இறங்கவில்லை.

“நேற்று என்ரை காருக்கு ஆர் விருந்து வைச்சது?”

நான் தலையைச் சொறிந்தேன்.

“பள்ளிக்கூடத்து முற்றத்திலை வெய்யிலுக்கு வழிஞ்சு ஓடினது. பிள்ளையள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டதுகள். கார் முந்தி ஓடினமாதிரித்தான் இப்பவும் ஓடுது. நன்றி எண்டு ஒரு சொல்லுக்கூடச் சொல்லேல்லை.” பிறகு எஞ்சினை முடுக்கிக்கொண்டு, “ஆரெண்டு சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும். நேற்றுத் தாம்போதியிலை எனக்குப் பின்னாலை ஒரு கார் தட்டித் தட்டி வந்தது,” என்றா.

எங்கள் தீவுகளில் மலை இல்லை, மேடும் இல்லை. சோளகம்தான் எங்களுக்கு ஏற்றம். வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குத் தாம்போதியில் போனால் காற்று முகத்துக்கு நேரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அந்த இடத்தில்தான் எஞ்சினின் குணம் வெளியே வரும்.

அன்று பின்னேரம் இரண்டு காரும் செட்டில் சந்தித்தன. ரீச்சர் நேரே அவரிடம் போனா.

“உங்கடை கார் தட்டுது. கேக்கேல்லையோ?”

“என்ன?”

“தட்டுது! தகரப் பேணிக்குள்ளை கல்லுப் போட்டுக் குலுக்கினமாதிரி!”

கப்பலண்ணையின் முகம் மலர்ந்தது. “கப்பல் எஞ்சின் தட்டிக்கொண்டுதான் ரீச்சர் கிடக்கும். தட்டாட்டித்தான் எங்களுக்குப் பயம்!”

“அது டீசல். இது பெற்றோல். இது தட்டினால் உடம்பு சரியில்லை எண்டு கருத்து. உங்கடை எஞ்சின் இறுக்கி நெரிக்கிறது. அதுக்குச் சாதா காணாது. என்ரைக்குச் சாதா காணும். வேண்டாத காருக்குச் சுப்பரை ஊத்தி, வேணுமெண்ட காருக்குச் சாதாவை ஊத்தி வைச்சிருக்கிறியள். கெட்டித்தனம்தான்.”

அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. ஆனால் அவருடைய காரை அவ அவ்வளவு கவனித்துக் கேட்டிருக்கிறா என்பது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. அடுத்த கிழமை, எல்லாருக்கும் நடுவில், எங்கள் செட்டிலேயே கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஆள் விட்டுக் கதைக்கிறதுதான் வழக்கம். கப்பலில் அந்த வழக்கம் இல்லைப்போல.

“ரீச்சர், நானும் தனி, நீங்களும் தனி. வீடு பெரிசு, கதைக்க ஆளில்லை. கப்பலிலை திரும்பக் கூப்பிடுறாங்கள், வாற வருசச் சோளகத்துக்கை மறுமொழி சொல்லவேணும். நீங்கள் நில்லெண்டால் நிப்பன்.”

கடைக்கார அண்ணையின் கையில் தேத்தண்ணி ஆறியது. ரீச்சர் காரின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா, மிக மெதுவாக. பக்கத்தில் நின்றபடியால் எனக்கு மட்டும் கேட்டது.

“எனக்கு இருக்கிறது காணும்.”

கப்பலண்ணை காதுக்குக் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். “என்ன சொன்னியள், ரீச்சர்? கேக்கேல்லை.”

ரீச்சர் அவரைப் பார்த்தா. அந்த அறுந்த செருப்பையும் பார்த்தா. ஆயிரம் தரம் சொன்ன சொல், இன்னொரு தரம் உரத்துச் சொன்னால் முடிந்துவிடும். அவ சொல்லவில்லை.

“பிறகு சொல்லுறன்,” என்று உரத்துச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தா. முதல்தரமாகக் காசு தர மறந்துபோனா. நானும் கேட்கவில்லை.

பிறகு வந்தது பெற்றோல் இல்லாத காலம். சண்டை மூண்டு, வடக்குக்குப் பெற்றோல் வராது என்றானது. சங்கம் மிச்சத்தைப் பங்கு வைத்தது. வேலைக்குப் போகிற வாகனகாரருக்குக் கிழமைக்குக் கொஞ்சம், சாதாவோ சுப்பரோ விரும்பினதை எடுக்கலாம். ஊரெல்லாம் மண்ணெண்ணைக்கு மாறியது. அப்போது ரீச்சரின் வாசலுக்கு வந்தவர் அந்த மீன்பிடிக்கிற தகப்பன். அவருடைய போட் எஞ்சின் எத்தனையோ வருசமாய் அப்படித்தான் ஓடுகிறது: பெற்றோலில் பத்தவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணைக்குத் திருப்பிவிடுகிறது. ஒஸ்ரினின் எஞ்சின் மூடிக்குள் ஒரு சின்னப் போத்தலைக் கட்டி, சேலைன் குழாய் இழுத்து, வேலையை முடித்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனாராம்.

ஒஸ்ரின் கஞ்சி குடிக்கிறமாதிரி மண்ணெண்ணையைக் குடித்துக்கொண்டு ஓடியது. பின்னால் கரும்புகை, முன்னால் திறந்த கண்ணாடி, நடுவில் ரீச்சர். “பத்தவைக்க ஒரு சின்னப் போத்தல் காணும். மிச்சம் என்ரை பங்கு உங்கையே கிடக்கட்டும்,” என்றா என்னிடம். நான் ஒவ்வொரு கிழமையும் அதை ஒரு பக்கம் வைத்தேன்.

ஜப்பான் கார் அப்படிப்பட்ட கார் இல்லை. பங்கு கிடையாத கப்பலண்ணை, எல்லாரையும் பார்த்து, மிஞ்சிக் கிடந்த பெற்றோலோடு மண்ணெண்ணை கலந்து ஊத்திக்கொண்டு வெளிக்கிட்டார். நல்ல சோளகம். தாம்போதி நடுவில் எஞ்சின் தட்டின தட்டுக்குக் கடலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போனதாம். அவருக்குத்தான் கேட்கவில்லை. கொதித்து, இருமி, நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ரீச்சர், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து செட்டின் பின்பக்கம் விட்டா. கிழட்டு ஒஸ்ரின் முன்னுக்கு, புது ஜப்பான் கார் பின்னுக்கு. சந்தி எழும்பி நின்று பார்த்தது.

“வாங்கோ, வீட்டிலை கொண்டுபோய் விடுறன்,” என்றா. அவர் ஒஸ்ரினின் முன் கதவைத் திறக்கப் போனார்.

“பின்னுக்கு!” என்று சத்தம் போட்டா ரீச்சர். மெதுவாய்ச் சொன்னால் அவருக்குக் கேட்காதே. “முன்னுக்கு ஏறினால் நாளைக்குக் கலியாணச் சாப்பாடு எப்ப எண்டு கேப்பினம். பின்னுக்கு ஏறுங்கோ!”

கப்பலண்ணை, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற பிள்ளை மாதிரிப் பின் சீற்றில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கடைக்கார அண்ணைக்கு அன்று முழுக்க வியாபாரம் ஓடவில்லை, சிரிப்புத்தான்.

ஜப்பான் காருக்குப் படங்கு போட்டு மூடினோம். சோளகம் அந்தப் படங்கை உப்ப வைத்து உப்ப வைத்து விளையாடியது. மறுமொழி வரவில்லை. ஒருநாள் ரீச்சர் வந்து, “அந்தக் காரின்ரை பிளக்குகளைக் கழட்டி நல்லாத் துடைச்சுப் பூட்டிவையும், தம்பி,” என்றபோதுகூட, கப்பலண்ணை காரை விற்கப்போகிறாராக்கும் என்றுதான் நினைத்தேன்.

இனி மறுமொழி வராது என்றுதான் கப்பலண்ணையும் நினைத்திருக்கிறார். அடுத்த கிழமை ஒருநாள் சைக்கிளில் வந்தார். புதுச் செருப்பு. பயணக்காரருக்குத்தான் எங்கள் ஊரில் புதுச் செருப்பு.

“விடியப் போறன், தம்பி. கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறவேணும்.” கார்த் திறப்பை என் கையில் வைத்தார். “இதை ஆருக்கும் குடுத்துவிடும். கோழி அடையவாவது உதவும்.”

“ரீச்சர்?” என்றேன். உரத்துத்தான் கேட்டேன்.

“அவ ‘காணும்’ எண்டு சொல்ல மனமில்லாமல்தான் சொல்லாமல் இருக்கிறா. எனக்கு விளங்கும். காதுதானே பழுது.”

அவர் சைக்கிளைத் திருப்பும்போது ஒஸ்ரின் புகையோடு வந்து குறுக்கே நின்றது. ரீச்சர் இறங்கினா. அவரைப் பார்க்காமல் என்னிடம் வந்தா.

“தம்பி, என்ரை பங்கு எவ்வளவு நிக்குது?”

“ஒரு கான் நிறைய நிக்குது, ரீச்சர்.”

“சுப்பராய்த் தாரும்.”

நான் கானைத் தூக்கிக்கொண்டு சுப்பர்ப் பம்முக்குப் போனேன். எதிர்க்கடையில் தேத்தண்ணி ஆத்துகிற சத்தம் நின்றது. ரீச்சர் படங்கைத் தானே இழுத்து எறிந்தா. ஜப்பான் காரின் தாங்கியில் கிடந்த கலவையை வடிக்கச் சொன்னா. வடித்ததை ஒஸ்ரினுக்கு ஊத்தச் சொன்னா. பிறகு புனலை எடுத்து ஜப்பான் காரின் தாங்கி வாயில் வைத்துப் பிடித்தா.

கப்பலண்ணை பதறிப்போனார். “ரீச்சர், அது உங்கடை பங்கு! இனி எப்ப வருமோ தெரியாது. உங்கடை காருக்கு வையுங்கோ!”

அப்போதுதான் அவ அதைச் சொன்னா, அவருக்கும் எனக்கும் சந்திக்கும் கேட்க. ஒஸ்ரினைக் காட்டி, “அதுக்கு இது வேண்டாம். மண்ணெண்ணையே அதுக்குக் காணும், இதுக்குத்தான் காணாது. இவ்வளவு காலமும் மாறி ஊத்திப்போட்டம். நீர் யோசியாமல் ஊத்தும், தம்பி.”

ஊத்தினேன். பழக்கத்தில் என் கை அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே ஊத்தியது. பாதியில் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முக்காலில் வரும் என்று பார்த்தேன். ரீச்சர் புனலைப் பார்த்துக்கொண்டு நின்றா. கான் முழுக்கக் கவிழ்ந்து, கடைசிச் சொட்டும் விழுந்து, புனலின் விளிம்பில் நின்ற ஈரமும் காய்ந்தது. அவ ‘காணும்’ என்று சொல்லவேயில்லை.

“விடியத்தானே பயணம்?” என்றா அவரிடம், உரத்து. “இப்ப ஒருக்காத் தாம்போதியிலை காத்துக்கு எதிராய் ஓடிப் பாப்பம். தட்டுதோ இல்லையோ எண்டு நான் கேட்டுச் சொல்லுறன். உங்களுக்குத்தான் கேக்காதே. பிறகு போறதோ நிக்கிறதோ பாப்பம்.”

கப்பலண்ணை சைக்கிளைப் பம்மில் சாத்தினார். என்னிடமிருந்து திறப்பை வாங்கினார். ஓடிப்போய் ரீச்சருக்காகப் பின் கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் ஒஸ்ரினின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்து, “நிழலிலை விடும், தம்பி,” என்றா. பிறகு அவர் திறந்து பிடித்திருந்த கதவைத் தாண்டிப் போய், முன் கதவைத் தானே திறந்து ஏறி இருந்து, கண்ணாடியை அடிவரைக்கும் இறக்கினா.